டிசிடி பிளேடு சீக்கிரம் மொட்டை ஆகுது: குறை பிளேடுலயா, அறுக்கிற முறையிலயா?

பலகைவாசி (இழையைத் தொடங்கியவர்)

மெஷின் 4 இஞ்ச் (மார்பிள்) கட்டர். பிளேடு 110 மி.மீ., 40 பல், டிசிடி (பல் முனையில டங்ஸ்டன் கார்பைடு வெச்சது). லோடு இல்லாம 12,000 ஆர்பிஎம். பெரும்பாலும் அறுக்கிறது 18 மி.மீ. ஐஎஸ் 710 மரைன் பிளை, ஒரு பக்கம் மைகா (லேமினேட் ஷீட்) ஒட்டினது. இடையில பழைய தேக்குக் கட்டையும் வரும்.

பிரச்சினை: புது பிளேடு போட்டு கொஞ்ச நாள்லயே கருகல் வாசனை, வெட்டின ஓரம் கறுப்பு, பல்லுக்குப் பின்னாடி பழுப்பு நிறத்துல பிசின், மைகா ஓரத்துல சில்லு பெயர்றது. விலை கூடின பிளேடுக்கும் இதே நிலைமைதான். வேகமா அமுக்குறது இல்லை. பிளேடுக்கு நோகக் கூடாதுன்னு மெதுவாத்தான் தள்ளுறேன். அப்புறமும் ஏன் இப்படி? 7 இஞ்ச் மெஷினும் ஒண்ணு இருக்கு, ஆனா அதை ரீப்பர் அறுக்க மட்டும்தான் எடுக்கிறது.

சாணைக்கல்

மெதுவா தள்ளுறதுதான் உங்க பிளேடைக் கொல்லுது.

கார்பைடு பல் மரத்தைக் கடிச்சு ஒரு துணுக்கை எடுத்துட்டு வெளியே போகணும். அந்தத் துணுக்கோடயே சூடும் போயிடும். துணுக்கு எடுக்காம உரசிக்கிட்டே போனா, சூடு பல்லுலயும் பிளேடு தட்டுலயும்தான் தங்கும். மரத்துப் பிசினும் பிளைல இருக்கிற பசைத் தூளும் அந்தச் சூட்டுல கருகி பல் பக்கவாட்டுல அப்பிக்கும். அப்பினதும் தட்டுக்கும் மரத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அடைஞ்சு உரசல் இன்னும் கூடும். நீங்க சொன்ன கருகல், கறுப்பு ஓரம், பழுப்புப் பிசின் மூணும் இந்த ஒரே சங்கிலி.

சோதிக்கிறது சுலபம். கீழே விழுற தூளைக் கையில எடுத்துப் பாருங்க. ரவை மாதிரி நறநறன்னு இருந்தா பல் வெட்டுது. மைதா மாதிரி மிருதுவா இருந்தா பல் தேய்க்குது. கை சுடுற தூளா இருந்தா வேலையை நிறுத்திட்டு பிளேடைக் கழற்றுங்க.

கியர்பாக்ஸ்

மேலே சொன்னதைக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

ஒரு பல் ஒரு சுற்றில் எடுக்கும் துணுக்கு = தள்ளும் வேகம் ÷ (ஆர்பிஎம் × பல் எண்ணிக்கை).

உங்கள் 4 இஞ்ச் கட்டர்: 12,000 × 40 = நிமிடத்துக்கு 4,80,000 பல் வெட்டுகள். நிமிடத்துக்கு 2 மீட்டர் தள்ளினால், 2000 ÷ 4,80,000 = சுமார் 0.004 மி.மீ.

7 இஞ்ச் மெஷின், 184 மி.மீ. பிளேடு, 24 பல், 5,000 ஆர்பிஎம்: 1,20,000 வெட்டுகள். நிமிடத்துக்கு 4 மீட்டர் தள்ளினால் 0.033 மி.மீ. எட்டு மடங்கு.

புத்தம் புதுக் கார்பைடு முனையும் கணக்கில் சொல்லும் கோடு போல் கூராக இருக்காது. சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு உருண்டுதான் இருக்கும். 4 மைக்ரான் துணுக்கு எடுக்கச் சொன்னால் முனையின் உருண்டையே அதைவிடப் பெரிது. பல் மரத்துக்குள் இறங்காமல் மேலே வழுக்கும். முனை தேயத் தேய உருண்டை பெரிதாகும், நீங்கள் இன்னும் மெதுவாகத் தள்ளுவீர்கள், அது இன்னும் வழுக்கும்.

இன்னொன்று, பல்லின் ஓட்ட வேகம். 110 மி.மீ. பிளேடு 12,000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 69 மீட்டர். 184 மி.மீ. பிளேடு 5,000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 48 மீட்டர். மார்பிள் வெட்டச் செய்த மெஷினில் மர பிளேடைப் போடும்போது இந்தக் கூடுதல் வேகமும் சூடாகத்தான் வந்து சேரும். வேகம் குறைக்கும் டயல் இருக்கும் மெஷின் என்றால் ஒரு படி குறைத்து வையுங்கள்.

நெல்லை_தச்சு

கணக்கு சரிதான் அண்ணே, ஆனா மைகா போட்ட பிளைல வேகமா தள்ளினா ஓரம் பூரா பல்லிளிச்சிரும். வீட்டுக்காரங்க பிளேடு ஆயுசைப் பார்க்க மாட்டாங்க, ஓரத்தைத்தான் பார்ப்பாங்க. 40 பல் எடுத்துட்டு 24 பல் போடுங்கன்னு சொன்னா கிச்சன் ஷட்டர் எப்படி அறுக்க? 4 இஞ்ச் மெஷின்ல மோட்டார் சின்னது, ரொம்ப அமுக்கினா சத்தம் இறங்கி மோட்டாருக்குள்ள சுத்துற ஆர்மேச்சர் சூடாயிரும். அதையும் சொல்லுங்க.

சாணைக்கல்

நெல்லை அண்ணன் சொல்றது நியாயம். வேகமா தள்ளுங்கன்னா அமுக்குங்கன்னு அர்த்தம் இல்லை. மோட்டார் சத்தத்தைக் காதுல வெச்சுக்கணும். லோடு இல்லாதப்ப ஒரு சத்தம், அறுக்கும்போது அதைவிடச் சற்று தாழ்ந்த, ஆனா நிலையான சத்தம். அது சரியான வேகம். சத்தமே மாறலைன்னா உரசிட்டு இருக்கீங்க. சத்தம் முனகி இறங்கினா அதிகம். நடுவுல நின்னு நின்னு தள்ளினா, நின்ன இடத்துல எல்லாம் கறுப்புக் கோடு விழும். அந்தக் கோடு மரத்துல தெரியுது, அதே அளவு சூடு பல்லுலயும் ஏறியிருக்கும்.

மாடுலர்_கிச்சன்

மைகா ஓரத்துக்கும் பிளேடு ஆயுளுக்கும் சண்டை வரத் தேவையில்லை. இரண்டையும் ஒரே பிளேடில் எதிர்பார்ப்பதுதான் சிக்கல்.

1. ஷீட்டை அளவுக்கு ஓரளவு பெரிதாகப் பிரிப்பது 7 இஞ்ச், 24 பல் பிளேடில். ஓரம் எப்படி இருந்தாலும் கவலை இல்லை, 5 மி.மீ. கூடுதலாக விட்டு அறுக்கவும்.

2. கடைசி அளவு வெட்டு 7 இஞ்ச், 40 பல் பிளேடில். கையில் பிடிக்கும் மெஷினில் பல் கீழிருந்து மேலே ஏறி வெளியேறும், அதனால் மைகா பக்கம் கீழே இருக்கணும். மேசைக்கு அடியிலிருந்து பிளேடு மேலே நீட்டும் டேபிள் சாவில் நேர்மாறு, மைகா பக்கம் மேலே.

3. இரு பக்கமும் மைகா என்றால் முதலில் 2 மி.மீ. ஆழம் மட்டும் வைத்து ஒரு ஓட்டு, பிறகு அதே கோட்டில் முழு ஆழம். மைகா பெரும்பாலும் 1 மி.மீ. கனம்தான், முதல் ஓட்டிலேயே அது சுத்தமாக அறுந்துவிடும். இதற்கு நேர்கோட்டுக் கட்டையை கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கணும். கை நோட்டத்தில் இரண்டு ஓட்டு ஒரே கோட்டில் வராது.

பல் வடிவமும் பாருங்கள். மாறி மாறிச் சாய்ந்த பல், அதாவது ஏடிபி, பிளைக்கும் மரத்துக்கும் நல்லது. ஆனால் அதன் கூர்மூலை மைகாவிலும் எம்டிஎஃப்பிலும் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) முதலில் உடையும். டிசிஜி என்று போட்டிருக்கும் பிளேடில் ஒரு பல் மூலை சீவின தலையோடும், அடுத்தது தட்டையாகவும் இருக்கும். மைகா, எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு அதிகம் அறுக்கிறவர்களுக்கு அது நீண்ட நாள் வரும். மரத்தைக் குறுக்கே அறுத்தால் ஓரம் ஏடிபி அளவுக்கு வராது, அதையும் தெரிந்தே வாங்குங்கள்.

4 இஞ்ச் கட்டரை சிங்க் ஓட்டை, மூலை வெட்டு மாதிரி சில்லறை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் 24 அல்லது 30 பல் போதும்.

நெல்லை_தச்சு

2 மி.மீ. ஓட்டு முறை சரிதான். ஆழம் எவ்வளவு வைக்கணும்ங்கிறதுல ஆளுக்கொரு பேச்சு. பல் பாதி தெரிஞ்சா போதும்னு சிலர், பிளேடை முழுசா இறக்கிடுங்கன்னு சிலர்.

கியர்பாக்ஸ்

இரண்டு தரப்புக்கும் காரணம் உண்டு. 184 மி.மீ. பிளேடு, 18 மி.மீ. பிளை என்று எடுத்துக்கொள்வோம்.

பிளேடு பலகைக்குக் கீழே 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு பல்லும் மரத்துக்குள் சுமார் 36 மி.மீ. தூரம் பயணிக்கும். 25 மி.மீ. நீட்டினால் அது சுமார் 23 மி.மீ. ஆகக் குறையும், துணுக்கும் ஒன்றரை மடங்கு கனமாக வரும். ஆகவே பிளேடு ஆயுளை மட்டும் பார்த்தால் ஆழமாக இறக்குவதே மேல்.

ஆனால் கை மெஷினில் கீழே 25 மி.மீ. பிளேடு சுழன்றுகொண்டிருப்பது தொடைக்கும், கீழே போட்ட கட்டைக்கும், மெஷின் ஒயருக்கும் ஆபத்து. பிளேடு சிக்கினால் உதைப்பும் பலமாக வரும். மேல்பக்க ஓரமும் அதிகம் சிம்பு எழும். அதனால் கை மெஷினில் ஒரு பல்லின் உயரம், அதாவது 5 முதல் 8 மி.மீ., நீட்டினால் போதும் என்பேன். டேபிள் சாவில் பல்லுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தின் அடி பலகையின் மேல்பரப்புக்கு வரும் அளவு உயர்த்துங்கள். பள்ளம் வெளியே வந்தால்தான் தூள் வெளியேறும். உள்ளேயே அடைந்தால் அதே தூளைப் பல் திரும்பத் திரும்ப அரைக்கும்.

கொங்கு_அறுவை

பழைய தேக்கு அறுக்கிறேன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க. அங்கதான் பாதி பிளேடு போகுது.

தேக்குலயே சிலிக்கா உண்டு, அது பல்லை அரைக்கும். அதுக்கு மேல இடிச்ச வீட்டு உத்திரம், நிலை, கதவுன்னா ஆணி, சுண்ணாம்பு, மணல் எல்லாம் சேர்ந்து வரும். அறுக்கிறதுக்கு முன்னாடி கம்பி பிரஷ் போட்டு நாலு பக்கமும் தேய்க்கணும். காந்தம் மேலோட்ட ஆணியை மட்டும்தான் காட்டும், பித்தளைத் திருகைக் காட்டவே காட்டாது. சுவர்ல கம்பி தேடுற சின்ன மெட்டல் டிடெக்டரை ஒரு முறை ஓட்டிடுங்க. கட்டையில நீலக்கறுப்பா கறை இருந்தா அதுக்கடியில இரும்பு துருப்பிடிச்சுக் கிடக்கும். ஆணி தலை உடைஞ்சு உள்ளே இருந்தா அதைச் சுத்தி உளி போட்டு எடுங்க, இல்லைன்னா அந்த இடத்தை விட்டுட்டு வெட்டுங்க.

சென்ட்ரிங் பலகையை நல்ல பிளேடுல அறுக்கவே கூடாது. சிமெண்ட் ஒட்டின பலகைக்குன்னு ஒரு தேய்ஞ்ச பிளேடை ஒதுக்கி அதுல பெயின்ட் அடையாளம் போட்டு வைங்க. தென்னை, பனைக் கட்டையும் இதே வகைதான். வெளிவட்டம் இரும்பு மாதிரி, நடுவுல சோறு. வெளிவட்டத்துல பல் சீக்கிரம் தேயும்.

பச்சை மரம் அறுத்த பிளேடை அன்னைக்கே துடைச்சு வைங்க. மரத்து ஈரமும் அமிலமும் கார்பைடு மணிகளைப் பிடிச்சு வெச்சிருக்கிற கோபால்ட்டை அரிக்கும். அப்புறம் மணி மணியா உதிரும்.

பலகைவாசி

நல்ல விளக்கம், எல்லாருக்கும் நன்றி. 7 இஞ்சுக்கே மாறிடுறேன். மூணு கேள்வி. ஒட்டின பிசினை எதுல கழுவுறது? 8க்கு 4 ஷீட் அறுக்கும்போது கடைசி ஒரு அடியில பிளேடு இறுக்கிப் பிடிக்குது, அது ஏன்? 4 இஞ்ச் கட்டரை ஓரங்கட்டினா, இந்த 110 மி.மீ. பிளேடுகளை ஆங்கிள் கிரைண்டர்ல மாட்டிக்கலாமா? ஊர்ல நிறைய பேர் மாட்டுறாங்க.

சாணைக்கல்

மூணாவதுக்கு முதல் பதில்: மாட்டாதீங்க. பிளேடு ஆயுள் பேச்சு இல்லை, கை பேச்சு.

4 இஞ்ச் கிரைண்டரோட டிஸ்க் 100 மி.மீ., துளை 16 மி.மீ. உங்க பிளேடு 110 மி.மீ., துளை 20 மி.மீ. பாதுகாப்பு மூடியான கார்டுக்குள்ள அடங்காது, அதனால கார்டைக் கழற்றுவாங்க. துளை பெரிசு, அதனால மையம் தள்ளி உட்காரும். அடித்தட்டு கிடையாது, ஆழத்தைக் கட்டுப்படுத்த முடியாது. பல் கடிச்ச உடனே மெஷின் ஆள் பக்கம் துள்ளும். கல் டிஸ்க் மரத்தைக் கடிக்காது, பல் பிளேடு கடிக்கும், அதுதான் வித்தியாசம். கிரைண்டர்ல மர பிளேடு போடுற பேச்சுக்கு இந்த இழையில இடம் வேண்டாம்.

மாடுலர்_கிச்சன்

இறுக்கிப் பிடிப்பது ஷீட் தொங்குவதால். அறுபடும் கோட்டில் ஷீட் மடங்கி, வெட்டின வாய் மூடிக்கொண்டு பிளேடின் இரு பக்கமும் நெரிக்கிறது.

தட்டின் கனம் 1.6 மி.மீ., பல்லின் அகலம் 2.2 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 0.3 மி.மீ. தான் இடைவெளி. ஷீட் ஒரு துளி மடங்கினாலும் அது போய்விடும். பிறகு பல் இல்லாமல் தட்டே மரத்தில் உரசும். பிளேடில் நீலம் பூத்த வட்டம் தெரிந்தால் அந்த உரசல்தான். ஓரம் சூடாகி விரிந்த தட்டு அலைபோல் ஆடும், அப்புறம் எத்தனை முறை சாணை பிடித்தாலும் நேராக அறுக்காது.

நான்கு ரீப்பர் கட்டைகளைத் தரையில் போட்டு அதன்மேல் ஷீட்டை வையுங்கள். வெட்டுக் கோட்டின் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, எல்லாம் கோட்டுக்கு இணையாக, உள்ளிரண்டும் கோட்டிலிருந்து 3, 4 இஞ்ச் தள்ளி. அறுந்து முடிந்ததும் இரண்டு துண்டும் தம்தம் கட்டையிலேயே கிடக்கும், எதுவும் விழாது, மடங்காது. ஷீட்டின் மேல் முட்டி வைத்து அறுப்பவர்கள் கோட்டுக்கு ஒரே பக்கம் முட்டி வைக்கணும்.

பிளேடு முழு வேகம் எடுத்த பிறகே மரத்தைத் தொடணும். கோடு விலகினால் மெஷினைத் திருகித் திருப்பாதீர்கள், அந்த 0.3 மி.மீ. இடைவெளியில் வளைவு வெட்ட முடியாது. சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகு எடுத்து, சற்று பின்னாலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

டேபிள் சா வைத்திருப்பவர்கள் ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிக் கட்டை) பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். பவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரே பல்லுக்கு மார்க்கர் அடையாளம் போட்டு, அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து ஃபென்ஸ் வரை அளந்து, பின்பக்கம் சுழற்றி மீண்டும் அளக்கணும். பின்பக்கம் 0.1 மி.மீ. அதிகமாக இருந்தால் பரவாயில்லை. குறைவாக இருந்தால் மரத்தைப் பின்பல்லின் மேல் நெரிக்கிறது என்று அர்த்தம்: பிளேடும் போகும், உதைப்பும் வரும்.

கொங்கு_அறுவை

பிளேடை ரெண்டு பக்கமும் பிடிச்சு இறுக்கிற ஃபிளேஞ்ச் வாஷரை யாரும் சொல்லலை. பிளேடு மாத்தும்போது ரெண்டு வாஷரோட முகத்தையும் துணியால துடைங்க. ஒரு துகள் தூள் நடுவுல மாட்டினாலும் பிளேடு ஓரத்துல அது பெரிய ஆட்டமாத் தெரியும். ஆட்டம் இருந்தா எல்லாப் பல்லும் சமமா வேலை செய்யாது, நாலஞ்சு பல் மட்டும் தேயும். 30 மி.மீ. துளைக்கு 25.4 ரிங் போடுறவங்க லூசான ரிங்கைத் தூக்கிப் போடுங்க. பிளேடு மேல எழுதியிருக்கிற அதிகபட்ச ஆர்பிஎம் உங்க மெஷின் ஆர்பிஎம்மை விடக் கூட இருக்கணும்.

சாணைக்கல்

கழுவுறது: வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து, ஒரு தட்டையான தட்டுல பிளேடைப் படுக்கப் போட்டு 15 நிமிஷம் ஊறவிடுங்க. பழைய டூத் பிரஷ் போதும். கம்பி பிரஷ் வேண்டாம், முனை சிதறும். பிசின் இறுகிப் போயிருந்தா டர்பன்டைன் தொட்டுத் தேய்க்கலாம், வெளியே காத்தோட்டத்துல, பீடி சிகரெட் இல்லாம. காஸ்டிக் சோடா கலந்த அடுப்பு கிளீனர் வேண்டாம்னு பிளேடு செய்யற கம்பெனிகளே பல சொல்லுது.

கழுவினதும் உடனே துடைச்சு வெயில்ல காயவெச்சு, மெல்லிசா மெஷின் எண்ணெய் தடவுங்க. மாட்டும்போது அந்த எண்ணெயைத் துடைச்சிடணும், இல்லைன்னா மைகா ஒட்டுற பரப்புல கறை பிடிக்கும், ஃபெவிகால் ஒட்டாது.

பிளேடைக் கழற்றி கான்கிரீட் தரையிலயோ டேபிள் சா இரும்பு மேலயோ வைக்காதீங்க. கார்பைடு கடினம், ஆனா தட்டினா சில்லாத்தான் உடையும். ஆணியில ஒண்ணு மேல ஒண்ணா மாட்டினா நடுவுல அட்டை வைங்க.

நெல்லை_தச்சு

ஜன்னல் வேலைக்கு அலுமினியம் செக்‌ஷனும் இதே பிளேடுல அறுக்கிறவங்க இருக்காங்க. அது சரியா வருமா?

கியர்பாக்ஸ்

மர பிளேடில் பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், அலுமினியத்தைக் கொத்தி இழுக்கும். பின்னோக்கிச் சாய்ந்த பல்லுள்ள டிசிஜி பிளேடு தனியாக வேண்டும். செக்‌ஷனை கிளாம்ப் போட்டு அசையாமல் பிடிக்கணும், பிளேடில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் கார்பன் பிரஷ் பொறி பறக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில் வேண்டாம். ஃபைபர் சிமெண்ட் போர்டு என்றால் டிசிடியே கூடாது, அதற்கு 4 முதல் 8 பல் உள்ள பிசிடி (செயற்கை வைர முனை) பிளேடு உண்டு. தூளில் சிலிக்கா இருப்பதால் நல்ல மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள்.

பலகைவாசி

கடைசியா சாணை. எப்போ கொடுக்கிறது? 4 இஞ்ச் பிளேடுக்குக் கொடுக்கலாமா?

சாணைக்கல்

கழுவின பிறகும் கருகினா, தள்ள பலம் கூடத் தேவைப்பட்டா கொடுங்க. டார்ச் அடிச்சு பல் முனையைப் பாருங்க. கூர்முனை வெளிச்சத்தைத் திருப்பாது. முனையில வெள்ளைக் கோடு மின்னினா அது தேய்ஞ்ச தட்டை. அந்தக் கோடு 0.2 மி.மீ. தாண்டுறதுக்குள்ள கொடுத்தா கொஞ்சம் கார்பைடு எடுத்தாலே கூர் திரும்பும். முழுசா மொட்டை ஆனதும் கொடுத்தா மூலை உடைஞ்ச ஆழம் வரைக்கும் எல்லாப் பல்லையும் அரைக்க வேண்டிவரும். ஒரு பிளேடை எத்தனை முறை சாணை பிடிக்கலாம்ங்கிறது அங்கதான் முடிவாகுது.

கடையில கேக்க வேண்டியது: டைமண்ட் வீலா? பல்லோட முகம், தலை ரெண்டையும் பிடிக்கிறாங்களா? பழைய கோணம் மாறாம இருக்குமா? சாதாரண எமரி வீல்ல பிடிக்கிற இடத்துல கொடுக்காதீங்க, கார்பைடு வெட்டுப்படாது, சூட்டுல விரிசல்தான் விடும். திரும்பி வந்ததும் எல்லாப் பல்லும் ஒரே உயரமான்னு பாருங்க, ஒரு பல் தூக்கலா இருந்தா அதுதான் முதல்ல உடையும். விழுந்த பல் இருந்தா புதுப் பல் பிரேஸ் பண்ண (உலோகம் உருக்கி ஒட்ட) சொல்லுங்க.

4 இஞ்ச் பிளேடுல கார்பைடு ரொம்பச் சின்னது, 40 பல் பிடிக்கிற கூலி பெரும்பாலும் புது பிளேடு விலையை நெருங்கிடும். அதைச் சென்ட்ரிங் பலகைக்கு ஒதுக்குங்க. 7 இஞ்சுக்கு விலையைக் கேட்டு முடிவு பண்ணலாம். 10, 12 இஞ்ச் பிளேடுன்னா யோசிக்காம கொடுங்க.